கணக்கு சரி, கடமை?

கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், மாணவர் விடுதியின் உணவுக்குழுக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ரசீதுகள் அனைத்தும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கூட்டலில் ஒரு பைசாகூடப் பிசகவில்லை. "கணக்கு சரி" என்றெழுதிக் கையொப்பமிடப் பேனாவைத் திறந்தபோது, அருகில் நின்றிருந்த சமையலர், "ஐயா, அரிசியையும் ஒருதரம் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். மூட்டையைப் பிரித்தால் வண்டு. வேறு எவரிடமும் விலை கேட்காமல் ஒரே கடையிலிருந்து வாங்கிய அரிசி அது.

பொது நிதியியலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்த எனக்கு, தணிக்கையின் இலக்கணத்தை அந்தச் சமையலர் ஒரு நிமிடத்தில் உணர்த்திவிட்டார். பொதுப் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எழுதப்பட்ட கணக்கு உண்மையா? செலவு விதிகளின்படி நடந்ததா? அதன் பயன் உரியவரைச் சென்றடைந்ததா? நம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் இவற்றை நிதித் தணிக்கை, இணக்கத் தணிக்கை, செயல்திறன் தணிக்கை என்று பகுத்து மேற்கொள்கிறது. முதல் கேள்விக்கு "ஆம்" என்ற விடை கிடைத்ததும் மற்ற இரண்டையும் மறந்துவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்பழக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை ஐரோப்பாவின் ஒரு பொது நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது.

ஐரோப்பிய புகலிட ஆதரவு அலுவலகம் 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 2011-இல் மால்டா தீவில் செயல்படத் தொடங்கியது. ஒருவருக்குப் புகலிடம் வழங்குவதா, மறுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. அது அந்தந்த நாட்டின் உரிமை. முடிவெடுக்கும் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பது, புகலிடம் கோருவோரின் தாய்நாட்டு நிலவரத்தைத் தொகுத்துத் தருவது, நெருக்கடியில் தவிக்கும் நாடுகளுக்கு வல்லுநர்களை அனுப்புவது ஆகியவையே அதன் பணிகள். தொடக்கத்தில் அது ஒரு சிறிய அலுவலகம்.

2015-இல் நிலைமை தலைகீழானது. சிரியா, ஆப்கானிஸ்தான், இராக் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்து, அந்த ஓராண்டில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்முறையாகப் புகலிடம் கோரியோர் 12 லட்சத்துக்கும் அதிகம். கிரேக்கத் தீவுகளிலும் இத்தாலியின் கடற்கரைகளிலும் வந்திறங்கியவர்களைப் பதிவுசெய்ய ஆளில்லை. 2016 மார்ச்சில் துருக்கியுடன் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின், இந்த அலுவலகம் அனுப்பியவர்கள் தீவுகளிலேயே நேர்காணல் நடத்தத் தொடங்கினர். நிதி பெருகியது. 2016-இல் சுமார் 5 கோடி யூரோவாக இருந்த ஆண்டு நிதி, அடுத்த ஆண்டே ஏறத்தாழ 8 கோடியை எட்டியது.

பொருளாதாரம் படித்தவர்கள் கவலைகொள்ள வேண்டிய இடம் இதுதான். நிதியை ஒரே கூட்டத்தில் ஒதுக்கிவிடலாம். அதை முறையாகச் செலவிடத் தெரிந்த நிர்வாகத்தை ஒரே கூட்டத்தில் உருவாக்க முடியாது. கொள்முதல் அலுவலர், கணக்கர், பணியாளர் பிரிவு மேலாளர் ஆகியோரைப் பற்றி நெருக்கடி வேளையில் எவரும் பேசுவதில்லை. களத்துக்கு ஆள் அனுப்புவதே சேவை, அலுவலகத்தில் ஆள் அமர்த்துவது வீண்செலவு என்ற எண்ணம் மேலோங்குகிறது.

லக்சம்பர்கில் இயங்கும் ஐரோப்பியத் தணிக்கை மன்றம், 2016-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தது. மன்றம் என்று பெயர் பெற்றிருந்தாலும் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. கண்டதைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. முதல் கேள்வியில் அலுவலகம் தேறியது, கணக்குகள் நம்பத்தக்கவை. இரண்டாவது கேள்வியில் சறுக்கியது. களப்பணிக்குத் தற்காலிகப் பணியாளர்களைப் பெறும் ஒப்பந்தம், போட்டி ஒப்பந்தப்புள்ளி கோரப்படாமல் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நிறுவனத்திடம் நேரடியாக அளிக்கப்பட்டிருந்தது. பயணச் சேவைக்கான மற்றோர் ஒப்பந்தத்தில், அலுவலகம் தானே விதித்த தகுதி நிபந்தனையை நிறைவேற்றாத நிறுவனம் தேர்வு பெற்றிருந்தது. எனவே, செலவினங்கள் குறித்துத் தணிக்கை மன்றம் குறைகளைச் சுட்டி நிபந்தனையுடன் கூடிய கருத்தையே வழங்கியது. 2017-ஆம் ஆண்டுக்கு அது மேலும் கடுமையாகி, எதிர்மறைக் கருத்தாயிற்று. 2017-இன் இறுதியிலிருந்து பணியாளர் நிலைமை மிக வேகமாகச் சீர்கெட்டதையும் தணிக்கையாளர்கள் பதிவுசெய்தனர்.

இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மோசடித் தடுப்பு அலுவலகமும் விசாரணையில் இறங்கியது. 2018 ஜூனில் அப்போதைய செயல் இயக்குநர் பதவி விலகினார். கொள்முதல் முறைகேடுகள், பணியாளர் நிர்வாகச் சீர்கேடு, ஊழியர்கள் துன்புறுத்தப்பட்டமை ஆகியவை அவ்விசாரணையின் முடிவில் இடம்பெற்றன. 2018 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம், அந்த அலுவலகத்தின் 2016-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்பை நிறைவேற்றியதாக ஏற்க மறுத்தது. ஓர் ஆண்டின் செலவை நாடாளுமன்றம் ஏற்று முடித்துவைப்பது வழக்கமான சடங்கு. அது மறுக்கப்படுவது அரிது.

மூன்றாவது கேள்விக்கான விடை 2019-இல் வந்தது. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் நடந்த பணிகளைத் தணிக்கை மன்றம் நேரில் ஆராய்ந்து சிறப்பறிக்கை வெளியிட்டது. அவ்விரு நாடுகளிலிருந்து 1,60,000 பேரைப் பிற நாடுகளில் குடியமர்த்துவதாகத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. குடியமர்த்தப்பட்டோர் 34,705 பேர். உறுப்பு நாடுகள் தேவையான வல்லுநர்களை அனுப்பவில்லை. கிரேக்கத் தீவுகளில் சிலருக்கு நேர்காணல் தேதியே 2023 வரை தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. இவற்றுக்கெல்லாம் ஓர் அலுவலகத்தின் கொள்முதல் குறைபாடு மட்டுமே காரணம் என்பது நேர்மையான வாதமாகாது. பொறுப்பேற்க மறுத்த நாடுகளின் பங்கே பெரிது. ஆனால், கைகொடுக்க வேண்டிய நிறுவனம் தன் வீட்டையே சீர்செய்யப் போராடிய அந்த ஆண்டுகளில், லெஸ்போஸ் தீவின் மோரியா முகாமில் கூடாரங்கள் பெருகிக்கொண்டிருந்தன.

அவசரத்தின் இந்த விலையை மால்டா மட்டும் கொடுக்கவில்லை. பிரிட்டன் உள்துறை அமைச்சகம், புகலிடம் கோருவோரைத் தங்கவைக்க 2023-இல் ஒரு பழைய சிறை வளாகத்தை 1.54 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதே இடம் ஓராண்டுக்கு முன் 63 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. அங்கு தங்குமிட ஒப்பந்தங்களுக்குப் பத்தாண்டுகளில் 450 கோடி பவுண்டு ஆகும் எனத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது; அத்தொகை 1,530 கோடியாக உயரும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2025-இல் தெரிவித்தது. விடுதிகளில் மக்களை அடைத்துவைப்பது செலவு மிகுந்தது. அங்கு தங்குவோருக்கும் அதில் நிம்மதி இல்லை.

இத்தகைய அறிக்கைகள் வெளிவந்ததும் இருவகைக் குரல்கள் எழுகின்றன. "அகதிகளுக்குச் செலவிட்டால் இப்படித்தான், நிதியை நிறுத்துங்கள்" என்பது ஒன்று. "துயரப்படுவோருக்கு உதவும் நிறுவனத்தைக் குறைகூறாதீர்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. அரிசி புழுத்ததற்கு மாணவர்களின் பசி காரணமன்று. பசித்திருக்கிறார்கள் என்பதற்காகப் புழுத்த அரிசியை மறைப்பதும் அறமன்று. தணிக்கை, வரி செலுத்துவோருக்கு மட்டுமல்ல, கூடாரத்தில் காத்திருப்பவருக்கும் ஆற்றும் கடமை.

இதிலிருந்து எந்த நாடும் கற்கத்தக்கவை சில உண்டு. நெருக்கடிக்கால நிதியை உயர்த்தும்போதே, கொள்முதலுக்கும் கணக்குக்கும் பணியாளர் நலனுக்கும் உரிய ஆட்களையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். அவசரக் கொள்முதல் தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் அதற்கு முடிவுத் தேதியும், சில மாதங்களுக்குள் மறு ஆய்வும் கட்டாயமாக்கப்பட வேண்டும். காத்திருக்கும் நாள்களின் எண்ணிக்கையும் ஆண்டுக் கணக்கில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.

அந்த அலுவலகம் 2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியப் புகலிட முகமையாகப் புதிய சட்டத்தின்கீழ் மாற்றப்பட்டது. அடிப்படை உரிமைகளுக்கென ஓர் அலுவலரும், பாதிக்கப்பட்டோர் முறையிடும் ஏற்பாடும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. இதை நான் முக்கியமான மாற்றமாகக் கருதுகிறேன். ரசீதுகள் ஒருபோதும் தாமாகப் பேசுவதில்லை. அன்று சமையலர் வாய் திறந்திராவிட்டால், அந்தக் கணக்கில் என் கையொப்பம் இருந்திருக்கும். மாணவர்களின் தட்டில் அந்த அரிசியும் இருந்திருக்கும்.