மண்ணாசையும் உடல் வளமும்

மண்ணில் இரும்பு உண்டு. ஆதலின் மண்ணைத் தின்றால் உடலில் இரும்பு சேருமன்றோ என்று சிலர் என்னை வினவுவதுண்டு. பெரும்பாலும் நிகழ்வது இதற்கு நேர்மாறு.

1958ஆம் ஆண்டில், ஈரான் நாட்டு ஷிராஸ் நகரில், இந்தியாவிற் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஓர் இளைஞனைக் கண்டார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. கடுமையான இரத்த சோகை வேறு. அவன் உணவு பெரும்பாலும் ரொட்டி. அதனோடு நாள்தோறும் அரைக் கிலோ களிமண்!

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. நேர்மின்னேற்றமுடைய இரும்பு, துத்தநாக அயனிகளை அவை குடலிலே பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட சத்து இரத்தத்திற் கலவாது கழிவோடு வெளியேறும். தானியத் தவிட்டிலுள்ள பைட்டேட்டும் அவ்வாறே தடை செய்யும். இரும்பு குறையச் சோகை வந்தது. வளர்ச்சி குன்றியதற்குத் துத்தநாகக் குறைவே காரணமாகலாம் எனப் பிரசாத் கருதினார். பின்னர் எகிப்தில், இவ்வாறே வளர்ச்சி குன்றிய இளைஞரிடம் அவர் நடத்திய ஆய்வு துத்தநாகக் குறைவை மெய்ப்பித்தது.

இரும்புக் குறைவு மண்ணாசையைத் தூண்டுவதும் உண்டு. அவ்வாசை குறைவை மேலும் பெருக்கும். ஆகவே, நம் ஊரில் மண் தின்னும் குழந்தையைக் கண்டால் அடிக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள்.