பிரேக் டான்ஸ் பெட்டி ஏன் சுற்றுகிறது?

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் பெரிய திருவிழா என்றால் ராட்டினக்காரர்களின் லாரியும் வந்து இறங்கிவிடும். ஜெயன்ட் வீல், கொலம்பஸ் கப்பல், சின்னப் பிள்ளைகளுக்கு ரயில். கூட்டம் கூடும் இடமென்றால் பிரேக் டான்ஸ். இந்தக் கடைசி ராட்டினத்திலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒருவர், "காசு தண்டம், சுத்தவே இல்ல" என்று சலித்துக்கொள்வார். அதே ஆட்டத்தில் பக்கத்துப் பெட்டியில் இருந்தவர் வேலிக் கம்பியைப் பிடித்தபடி மண்ணில் குந்தியிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

பணக்கார நாடுகளின் பூங்காக்களில் பெட்டி தானும் சுழன்றபடி தண்டவாளத்தில் ஓடும் சுழல் ரோலர் கோஸ்டர் ஒன்று புதிதாகத் திறந்தாலும் இதே சண்டை நடக்கிறது. "இதைவிட ஒன்று கிடையாது" என்று ஒரு கூட்டம், "மந்தம்" என்று ஒரு கூட்டம், "இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று இன்னொரு கூட்டம். ரசனை வேறுபாடு என்று தள்ளிவிடலாம். ஆனால் பாதிக் காரணம் ரசனையில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது.

சாதாரண ரோலர் கோஸ்டரில் இந்தக் குழப்பம் குறைவு. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா பூங்காவில் தஞ்சோரா என்ற கோஸ்டர் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். பயமாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கை தன்னைத்தானே சுற்றாது. ஒரே வரிசையில் காலையில் ஏறியவருக்கும் மாலையில் ஏறியவருக்கும் கிட்டத்தட்ட ஒரே பயணம். சுழல் கோஸ்டரின் சங்கதி வேறு. அதைப் புரிந்துகொள்ளத் திருப்போரூர்வரை போகவேண்டியதில்லை, பிரேக் டான்ஸே போதும்.

1980களின் நடுவில் ஜெர்மனியின் ஹஸ் நிறுவனம் கொண்டுவந்த ராட்டினம் இது. பெரிய தட்டு ஒன்று சாய்வாகச் சுற்றும். அதன்மேல் சிலுவை வடிவக் கைகள் தனியாகச் சுற்றும். கைகளின் நுனியில் பெட்டிகள். தட்டையும் கைகளையும் சுற்றுவது மோட்டார். பெட்டியைச் சுற்றுவது? ஒன்றும் இல்லை. அது ஒரு பேரிங்கின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கை வளைந்து திரும்பும்போது பெட்டியை பேரிங் உள்ள இடத்தில் பிடித்து இழுக்கிறது. பெட்டியின் மொத்தக் கனமும் அந்தப் புள்ளிக்கு நேராகக் கூடியிருந்தால் பெட்டி பேசாமல் கூடவே போகும். கனம் ஓரமாக ஒதுங்கியிருந்தால் பின்தங்கும். அந்தப் பின்தங்கல்தான் சுழற்சியாகிறது. "சித்தப்பா, நீங்க அந்த ஓரத்துக்குப் போங்க, நாங்க ரெண்டு பேரும் உங்க மேல சாஞ்சுக்கறோம்" என்று ஏறும்போதே ஏற்பாடு செய்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். இயற்பியல் புத்தகத்தைத் திறக்காமலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டவர்கள்.

இதே பெட்டியை ஏற்ற இறக்கமுள்ள தண்டவாளத்தில் ஓடவிட்டால் சுழல் கோஸ்டர். பல கோஸ்டர்களில் மேலே ஏறும்வரை பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள்; உச்சியைத் தாண்டியதும், அல்லது சில வளைவுகள் கழிந்ததும், பூட்டு விடுபடும். அப்புறம் ஒவ்வொரு வளைவும் ஒரு தள்ளு. நிலையத்துக்குள் நுழையும் முன் பெட்டியை மறுபடி நேராக்கிக் கொண்டுவருவார்கள். யோசனை ஒன்றும் புதிதல்ல: நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1908இலேயே வர்ஜீனியா ரீல் என்ற பெயரில் வட்டத் தொட்டிகள் சுழன்றபடி சரிவில் இறங்கின.

1926இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் செல்னர் உருவாக்கிய டில்ட்-ஏ-வேர்ல் என்ற ராட்டினத்திலும் பெட்டி இப்படித்தான் மோட்டார் இல்லாமல் சுழலும். அதை கௌட்ஸ், ஹகார்ட் என்ற இருவர் 1994இல் கணக்குப் போட்டு ஆராய்ந்தார்கள். ராட்டினம் மெதுவாகச் சுற்றினாலும் மிக வேகமாகச் சுற்றினாலும் பெட்டியின் போக்கைச் சொல்லிவிடலாம். இடைப்பட்ட வேகத்தில்தான் முடியவில்லை. தொடக்கத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் சில சுற்றுகளில் போக்கே மாறிவிடுகிறது. ஆக, சுழல் பெட்டியைப் பற்றி ஒருவர் எழுதும் விமர்சனம் அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமே பொருந்தும்.

மீதிப் பாதிக் காரணம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், மூளைக்குத் தகவல் போகும். ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் திரவமும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். சுற்றும் உணர்வே மங்கிவிடும். நிறுத்தியதும் வருகிறது வினை. சுழற்றிய குடத்தைச் சட்டென்று நிறுத்தினாலும் உள்ளே தண்ணீர் சுற்றுமே, அதுபோல் திரவம் ஓடிக்கொண்டிருக்க, உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றுவதாக மூளை நம்பும். கண்ணும் அதை நம்பித் துள்ளும். சுழலும்போதே தலையைச் சாய்த்தால் இன்னும் மோசம். குழாய்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத சேதி சொல்லும். சுழல் கோஸ்டர் செய்வதே அதுதான்: சுற்றுகிறது, சரிகிறது, சாய்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில்.

முகத்துவாரத்து அலையில் பைபர் போட்டை ஏற்றி இறக்குகிறவருக்கு இதெல்லாம் தூசு என்று தோன்றலாம். அப்படிச் சொல்ல முடியாது. கடலில் குமட்டலைக் கிளப்புவது பெரும்பாலும் மேலும் கீழுமான மெதுவான அசைவு. ஐந்தாறு விநாடிக்கு ஒரு தரம் ஏறி இறங்கினால்தான் வயிறு அதிகம் கலங்குகிறது. அதை உணர்வது உள்காதின் வேறு உறுப்பு, நுண்கற்கள் பதிந்த பை. மூளை அந்த அசைவுக்குப் பழகும். ஆனால் ஒரு வகை அசைவில் வந்த பழக்கம் இன்னொன்றுக்கு முழுதாக உதவாது. அலை அதிகம் இல்லாத ஆழமற்ற ஏரியில் வலை போடுகிறவரைப் போலவே, கடலுக்குப் போகிறவரும் பிரேக் டான்ஸில் தலைசுற்றி இறங்கலாம். அது வீரக்குறைவு அல்ல.

இப்போது சுழற்சியைக் கட்டுப்படுத்தவும் வழி வந்துவிட்டது. 2018இல் அமெரிக்காவின் மிசோரியில் திறந்த டைம் டிராவலர் என்ற சுழல் கோஸ்டரில் காந்தங்கள் சுழலும் வேகத்தை அடக்குகின்றன. 2022இல் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் வந்த காஸ்மிக் ரீவைண்ட் கோஸ்டரில் பெட்டி எங்கே எவ்வளவு திரும்பவேண்டும் என்பதே முன்கூட்டித் தீர்மானித்தது. அதையும் பலர் கொண்டாடினார்கள், சிலருக்குக் குமட்டியது. என்னைக் கேட்டால், கனத்தை இடம்மாற்றிச் சுழற்சியைக் கெடுக்கவோ கூட்டவோ முடிகிற பழைய பெட்டியில்தான் விளையாட்டு இருக்கிறது.

அடுத்த திருவிழாவில் ஏறும்போது, சுற்றவேண்டுமென்றால் கனமானவர்களை ஒரே ஓரத்தில் சேர்த்து உட்காரவையுங்கள். வேண்டாமென்றால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து அமருங்கள். தலையை ஆட்டாமல் நிலையாக வையுங்கள், எதிரே இருக்கும் கைப்பிடியைப் பாருங்கள். பெட்டி கிளம்பும் முன் குறுக்குக் கம்பியை ஒருமுறை நீங்களே இழுத்துப் பாருங்கள்.