நாலு மணி நேரத் தூரத்தில் தாய்வீடு

"ஏண்டி, பெட்டி கட்டியாச்சா? கண்ணாடி வளையல் ஆறு டஜன் வாங்கி வச்சிருக்கேன். பச்சையும் சிவப்பும். ஏழு வகை சாதத்துக்கு ஆள் சொல்லியாச்சு. நீ வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி."

கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னது 2020 மார்ச் 19-ம் தேதி. எனக்கு ஏழாவது மாதம். 27-ம் தேதிக்கு சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் எடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்து, அப்படியே அம்மா வீட்டில் தங்கி, தலைப்பிரசவம் முடித்து, மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்புவதாக ஏற்பாடு. நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிற ஏற்பாடுதானே!

அன்றைக்கே செய்தி வந்துவிட்டது. 22-ம் தேதி முதல் வெளிநாட்டு பயணிகள் விமானம் எதுவும் இந்தியாவில் இறங்கக் கூடாது. சரி, ஒரு வாரம்தானே என்று நினைத்தோம். அது ஒரு வாரத்தோடு நிற்கவில்லை. நான் வர முடியாவிட்டால் அம்மாவாவது இங்கே வரட்டும் என்றால், 23-ம் தேதி இரவோடு சிங்கப்பூரும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது. அந்தப் பக்கமும் பூட்டு, இந்தப் பக்கமும் பூட்டு. விமானம் பறந்தால் சென்னை நாலு மணி நேரத் தூரம்தான். பறக்காவிட்டால்?

வளைகாப்பு போனில்தான் நடந்தது. அங்கே அம்மா வளையல்களைத் தாம்பாளத்தில் வைத்துக் காட்டினாள். அத்தைகள் நலங்குப் பாட்டுப் பாடினார்கள். இங்கே நான் கையில் இருந்த இரண்டு தங்க வளையலோடு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். சந்தனம் பூச ஆள் வேண்டுமே! இவரே பூசிவிட்டார், மூக்கின் மேலும் கொஞ்சம். எல்லோரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே அம்மாவும் அப்படியே அழுதாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 7-ம் தேதி முதல் ஊரடங்கு. இங்கே அதற்கு 'சர்க்யூட் பிரேக்கர்' என்று பெயர் வைத்தார்கள். மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தால் பட்டென்று அணைந்துவிடுமே, அந்தச் சமாசாரம். ஒரு வாரத்தில் முகக்கவசமும் கட்டாயமாயிற்று. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. பள்ளிக்கூடம் கிடையாது, கட்டட வேலை கிடையாது. இவர் கட்டடக் கம்பெனியில் என்ஜினீயர். மேஜை மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார்.

மே மாதத்தில் இந்திய அரசாங்கம் 'வந்தே பாரத்' என்று சிறப்பு விமானங்கள் விட ஆரம்பித்தது. கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை உண்டு. நானும் பெயர் கொடுத்தேன். ஆனால் முறை வருவதற்குள் 36 வாரம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் போயிருப்பேனா என்று இப்போது யோசிக்கிறேன். போனால் இவர் இங்கே, நான் அங்கே. திரும்பி வர தனியாக அனுமதி வாங்க வேண்டும். அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நேரம்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி இவர் தன் தொழிலாளி ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மன்னார்குடிப் பக்கத்துப் பையன். தொழிலாளர் விடுதியில் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேராகப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கொரோனா வந்து போயிருந்தது என்று அந்த வருஷக் கடைசியில் அரசாங்கமே கணக்குச் சொன்னது. அந்தப் பையனுக்கு ஊரில் குழந்தை பிறந்து மூன்று மாதம். "போட்டோவுலதான் சார் பார்த்திருக்கேன்" என்றாராம். எனக்காவது புருஷன் பக்கத்தில் இருக்கிறாரே என்று அன்றைக்குத் தோன்றியது. என் துக்கம் அதனால் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் துக்கத்தைப் பார்த்து நம் துக்கம் குறையும் என்பதெல்லாம் சும்மா.

மே மாதக் கடைசி வாரத்தில் வலி கண்டது. பிரசவ அறைக்குள் கணவர் ஒருவருக்கு மட்டும் அனுமதி. முகக்கவசத்தோடுதான் பிரசவம். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள்; துணி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். பதினொரு மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை, 2 கிலோ 900. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்தோம். ஆரத்தி எடுக்க ஆளில்லை. இவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது!

அன்றிலிருந்து அம்மாவின் பள்ளிக்கூடம் போனில் நடந்தது. சிங்கப்பூர் நேரம் நம் ஊரை விட இரண்டரை மணி முன்னால். இங்கே பத்து மணிக்குக் குளிப்பாட்டினால் அங்கே ஏழரை. அம்மா காலை நீட்டி மணையில் உட்கார்ந்து, துண்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி காலில் போட்டுக்கொண்டு செய்து காட்டுவாள். "கழுத்தை இடது கையால தாங்கு. தண்ணியை முழங்கையில விட்டுப் பாரு. தலையில ஊத்தறப்போ நெத்தியில கையை அணை கட்டு, கண்ணுல இறங்காது." இவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெந்நீர் ஆவியில் போன் மங்கிப் போகும். "அம்மாவைக் காணோம், துடைங்க துடைங்க!" என்று நான் கத்துவேன்.

பத்தியச் சமையலும் அப்படித்தான். தேக்காவில் மளிகைக் கடை திறந்திருந்ததால் சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாம் கிடைத்தன. பூண்டுக் குழம்பு இவர் கையால். முதல் நாள் புளியைக் கொட்டிவிட்டார். பத்தியத்துக்குப் புளி கூடாது என்று அம்மா சொன்னதை எழுதி வைத்த காகிதம் அடுப்பிலேயே எரிந்துவிட்டதாம்! அம்மா கிளறி வைத்திருந்த பிரசவ லேகியம் மட்டும் கும்பகோணத்து அலமாரியில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தது.

எதிர்பாராத உதவி அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அறுபது வயதுச் சீன ஆன்ட்டி. அதற்கு முன் லிஃப்டில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வதோடு சரி. நான் வீட்டுக்கு வந்த மறுநாள் எங்கள் இரும்புக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே சூடாகப் பப்பாளிக்காயும் மீனும் போட்ட சூப்பு. பால் சுரக்க அவர்கள் கொடுப்பது. பிறகு நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிச் செய்த கோழி. சிவப்பாகக் காய்ந்த சீன இலந்தைப் பழம் கொதிக்க வைத்த தண்ணீர். கோழியில் அரிசி ஒயின் ஊற்றுவது அவர்கள் வழக்கம். வேண்டாமே என்று தயங்கிச் சொன்னேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கஜம் தள்ளி நின்று சிரித்துவிட்டு, அடுத்த தடவை ஊற்றாமல் செய்தார். "குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, காற்றில் நிற்காதே, தலையை மூடு" என்று அவர் சொன்னதெல்லாம் அம்மா சொன்னதேதான். இவர்களுக்கு ஒரு மாதம், நமக்கு நாற்பது நாள், அவ்வளவுதான் வித்தியாசம். மலேசியாவிலிருந்து பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்கள் எல்லை மூடியதால் வர முடியாமல் போய், இங்கே சீனக் குடும்பங்களும் என்னைப் போலத்தான் திண்டாடிக்கொண்டிருந்தன. ஆன்ட்டியின் மருமகளும் அவர்களில் ஒருத்தி. அவள் இருந்ததோ வேறு ஊரில்.

நாலாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளாகத் தெரிந்தது. "காலை வெயில்ல காட்டு, போயிடும்" என்றாள் அம்மா. கிளினிக்கில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவு அதிகமில்லை. அடிக்கடி பால் கொடுங்கள், இரண்டு நாளில் மறுபடி வாருங்கள் என்றார்கள். அதிகமாகியிருந்தால் நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டியிருக்குமாம். வெயிலை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். தாய்க்குக் கொரோனா வந்தால்கூட முகக்கவசம் கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் பயந்திருப்போம்!

உரைமருந்து விஷயத்தில்தான் சண்டை வந்தது. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் உரைத்து நாக்கில் தடவு என்றாள் அம்மா. ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்றார் டாக்டர். "உனக்கும் உன் அண்ணனுக்கும் குடுத்தேன், செத்தா போயிட்டீங்க?" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் குளிக்கிற நேரத்துக்குச் சரியாக போன் அடித்தது. "வாய்ல குடுக்க வேணாம். வசம்பைத் தொட்டில்லயாவது கட்டு." கட்டினேன்.

இப்போது சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனாலும் சொல்கிறேன்.

குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் சாயங்காலமானால் அழுகை வரும். காரணம் கிடையாது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இது சகஜம், இரண்டு வாரத்தில் தானே போய்விடும் என்று படித்திருந்தேன். மூன்று வாரம், நாலு வாரம் ஆயிற்று. போகவில்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கமில்லை. சோற்றைப் பார்த்தால் வெறுப்பு. ஒரு நாள் குழந்தை வீறிட்டு அழுகிறது, நான் பக்கத்திலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இவர் ஓடி வந்து தூக்கினார். போனில் அம்மா முகம் தெரிந்தால் மட்டும் சிரிப்பேன். பவுடர்கூடப் போட்டுக்கொள்வேன். "நல்லா இருக்கேம்மா."

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் விசாரிக்கப் போன் செய்தார். பத்துக் கேள்விகள் கேட்டார். எடின்பரோ கேள்விகள் என்று அதற்குப் பெயர். பல நாடுகளில் பிரசவித்த பெண்களிடம் கேட்பது. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயப்படுகிறீர்களா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தமா என்று போகும். ஏழாவது கேள்வியில் உடைந்துவிட்டேன். அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. நான் அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஆலோசகர் ஒருவரோடு நாலு தடவை பேச ஏற்பாடானது. எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்களுக்குத் தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு, டாக்டரைக் கேட்டு. இராத்திரி ஒரு பாலை இவரே புட்டியில் கொடுத்துவிட்டு என்னை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விட்டாரே, அதுதான் எனக்குப் பெரிய மருந்து.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "அங்கே எல்லா வசதியும் இருக்கே, என்ன குறை?" என்பாளோ என்று பயம். சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் அண்ணன் பிறந்தப்போ நானும் ஒரு மாசம் கொல்லையில கிணத்தடியில போய் உட்கார்ந்து அழுதிருக்கேன்டி. கிணத்தை எட்டிக்கூடப் பார்த்தேன். உங்க பாட்டி பின்னாடியே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள். நாற்பது வருஷத்துக் கதை! இனிமேல் போனில் பொய் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அதை அம்மா காப்பாற்றவில்லை. 2021 மே மாதம், இரண்டாவது அலை. மூன்று நாளாக அப்பாவைப் போனில் காணோம். "தூங்குறார்டி." நாலாம் நாள் அண்ணன்தான் சொன்னான், அப்பாவுக்குக் கொரோனா, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறது என்று. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு சிங்கப்பூர் ஏப்ரல் 23-ம் தேதி இரவே கதவை மூடியிருந்தது. போனால் திரும்ப முடியாது. மடியில் பால் குடிக்கிற குழந்தை. நான் போகவில்லை. தினம் ராத்திரி அண்ணன் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியின் எண்ணை எழுதி அனுப்புவான். 89. 91. 90. 93. 94 வந்த அன்றைக்குத்தான் அடுப்புப் பற்றவைத்துச் சமைத்தேன். பன்னிரண்டாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். அவர் வராமல் போயிருந்தால் நான் என்னை மன்னித்திருப்பேனா? இதை இன்றும் யோசித்து முடிக்கவில்லை.

2021 நவம்பர் 29-ம் தேதி முதல், தடுப்பூசி போட்டவர்கள் சென்னையிலிருந்து தனிமைப்படுத்தல் இல்லாமல் சிங்கப்பூர் திரும்ப வழி பிறந்தது. டிசம்பரில் கிளம்பினோம். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை, ஒரு கட்டுக் காகிதங்கள், இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து வாங்கிய குழந்தையின் புதுப் பாஸ்போர்ட். வெளிநாட்டில் பிள்ளை பெறுகிற சகோதரிகள் இந்தப் பதிவை ஒரு வருஷத்துக்குள் செய்துவிடுங்கள். தள்ளிப் போட்டால் அலைச்சல்.

கும்பகோணத்து வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பத்தொன்பது மாதக் குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது. அம்மா கையை நீட்டினாள். குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டது. அம்மா, "இருக்கட்டும், இருக்கட்டும், புது முகம்தானே" என்றாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

மாடத்தில் ஆறு டஜன் வளையலும் பிரிக்காமல் இருந்தது. லேகியப் பாட்டில் காலி. "அப்பா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அவருக்குக் குடுத்துட்டேன். அவரும் மறுபிறவி எடுத்தவர்தானே" என்று சிரித்தாள்.

சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் குழந்தை என் போனைத் தூக்கிக்கொண்டு போய், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஆச்சி... ஆச்சி..." என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தது. அம்மா போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.