மைக் மூன்றாவது கேள்வி

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் மங்கலம்பேட்டை மாதிரி ஊரில் உட்கார்ந்தபடியே விளம்பரத்துக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் குரல் கொடுப்பது இன்று சாத்தியம். பதிவுசெய்த கோப்பை அனுப்பினால் போதும், ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டுடியோ தேடிச் சென்னை வடபழனிக்கு பஸ் ஏற வேண்டாம். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, “எந்த மைக் வாங்கலாம்?” என்றுதான். என் கணிப்பில் அது மூன்றாவது கேள்வி. எந்த அறையில் பேசப்போகிறோம், மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் என்ற இரண்டும் அதற்கு முன்னால் வரவேண்டும். இவற்றைத் தாண்டிப் போய் மைக்கில் போடும் பணத்தில் பெரும்பகுதி வீண்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆடிபிள் தளத்துக்கு நூல்கள் தயாராகும் ஏ.சி.எக்ஸ். அமைப்பு, குரலின் சராசரி அளவு -23 முதல் -18 டெசிபலுக்குள் இருக்கவேண்டும், பேசாத இடத்தில் கேட்கும் இரைச்சல் -60 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அப்படியென்றால் குரலுக்கும் இரைச்சலுக்கும் சுமார் 40 டெசிபல் இடைவெளி வேண்டும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். மூன்று முறை பாதியாக்கி, அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான 12.5 சென்டிமீட்டருக்கு வந்தால் 78 ஆகிவிடும். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் இரைச்சல் 45 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 33தான், தேறாது. ஃபேனை நிறுத்தி, தெரு அடங்கிய இரவில் அதே அறை 30க்கு இறங்கினால் இடைவெளி 48, தாராளமாகத் தேறும். இந்தக் கணக்கில் மைக்கின் பெயரே வரவில்லை. ரோடு என்டி1-ஏ மைக் தானாக எழுப்பும் இரைச்சல் 5 டெசிபல்தான் என்பது பெருமைக்குரிய விஷயம்தான். ஆனால் 45 டெசிபல் ஃபேனுக்கு அடியில் அந்தப் பெருமை யார் காதிலும் விழாது.

“டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வாங்காது, அதை வாங்கினால் அறையைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று ஒரு வாதம் உண்டு. கடைக்காரர்களும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. இரண்டு மைக்குகள் ஒரே திசைத்தன்மை கொண்டவையாக, ஒரே தூரத்தில் இருந்தால், குரலையும் லாரிச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் வாங்கும். ஒன்று டைனமிக், இன்னொன்று கன்டென்சர் என்பதால் இந்த விகிதம் மாறாது. டைனமிக்கை உதட்டோரம் வைத்துப் பேசும் பழக்கம் இருப்பதால்தான் அது சத்தத்தை விலக்குவதுபோலத் தோன்றுகிறது. அந்த நன்மையைத் தருவது தூரம். மைக்கின் பின்புறம் காது மந்தம் என்பதும் சரிதான், ஜன்னல் பக்கம் அதன் முதுகைத் திருப்பி வைக்கலாம். ஆனால் டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள அறையில் சத்தம் எதிரொலித்து எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, முன்புறமாகவும் நுழைந்துவிடும்.

டைனமிக் மைக்கோடு ஒரு செலவும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பாட்காஸ்ட்காரர்கள் கொண்டாடும் ஷூர் எஸ்.எம்.7பி ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட்தான் தருகிறது. கன்டென்சரான என்டி1-ஏ தருவது 25. அந்த வித்தியாசத்தை, கிட்டத்தட்ட 27 டெசிபலை, ஆடியோ இன்டர்ஃபேஸில் இருக்கும் ப்ரீஆம்ப்தான் ஈடுகட்டவேண்டும். மலிவான ப்ரீஆம்பை முழுக்கத் திருகினால் ‘ஸ்ஸ்’ என்று அதன் சொந்த இரைச்சல் எழும். அதை அடக்க நடுவில் இன்னொரு பூஸ்டர் பெட்டி வாங்கவேண்டி வரும். அறையை அடக்கும் மெத்தையிலும் போர்வையிலும் தீர்ந்திருக்கவேண்டிய காசு அது. கன்டென்சருக்கோ 48 வோல்ட் மின்சாரம் மட்டும் கூடுதலாக வேண்டும். இன்டர்ஃபேஸிலேயே அதற்கொரு பொத்தான் இருக்கும்.

இரைச்சலைச் சாஃப்ட்வேர் எடுத்துவிடுமே என்பார்கள். ஃபேன் போல மாறாத சத்தத்தை ஓரளவு எடுக்கும், மறுப்பதற்கில்லை. எதிரொலி அப்படிப் போகாது, ஏனென்றால் அது உங்கள் குரலாலேயே ஆனது. தமிழுக்கு இது கூடுதல் சங்கடம். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது நடு அலைவரிசையில் நிகழும் நுட்பமான மாற்றங்களால். எதிரொலி அவற்றை மெழுகிவிடும், இரைச்சல் நீக்கி அழுத்தமாக வேலை செய்தால் மீதியையும் சுரண்டிவிடும். ‘பழம்’ ‘பளம்’ ஆனால் பழி பேசியவர்மேல்தான் விழும். மழைக்காலச் சுவர்க்கோழியின் கீச்சொலியோ 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி, மெய்யெழுத்துகள் கூர்மைபெறும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை வெட்டினால் பேச்சும் சேர்ந்து வெட்டுப்படும்.

சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படி உட்காருவது என்ற ஆட்சேபம் மற்றவற்றைவிட நியாயமானது. கால் மணி நேரம் பேசி, நிறுத்தி, ஃபேனைப் போட்டுக்கொண்டு, மறுபடி பேசுவதுதான் வழி. நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். விடியற்காலை அமைதியானதுதான், மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் தெருச் சத்தம் நிற்காது. சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், அட்டையில் அது இல்லை. பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி, பக்கங்களில் கனத்த போர்வை தொங்கவிட்டால் எதிரொலி கணிசமாக அடங்கும். ‘கொர்’ என்ற 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

பெரிய ஸ்டுடியோக்கள் நாய்மன் யு87 வைத்திருக்கின்றனவே, மைக்குக்கு மதிப்பே இல்லையா? உண்டு, அறை அடங்கிய பிறகு. ‘ச’வும் ‘ஸ’வும் கூர்மையாக ஒலிக்கும் குரலுக்கு, மேல் அலைவரிசையைத் தூக்கிக் காட்டும் கன்டென்சர் பொருந்தாது. மெலிந்த குரலுக்கு, கிட்டே போனால் அடித்தொனி கூட்டும் மைக் கைகொடுக்கும். இதை விமர்சன வீடியோ பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு மைக்குகளை இரவல் வாங்கி ஒரே பக்கத்தை ஒரே தூரத்தில் வாசித்து, இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்திய பிறகு கேட்கவேண்டும். சமப்படுத்தாவிட்டால் எது சத்தமாக இருக்கிறதோ அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.