குழாய் வழி வரும் கிருமி
சிறுநீர்க் குழாய் பொருத்திய நோயாளரின் வீட்டார் அறிய வேண்டியவை

திருக்கோணமலைத் துறைமுகத்தின் சரித்திரத்தைப் படித்த மாணவர்கள் 1782ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இத்துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆண்டு முடியுமுன்னரே பிரெஞ்சுக்காரர் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்துக்கொண்டனர். துறைமுக வாயிலைக் காப்பதற்கென்றே ஒஸ்தன்பேர்க் கோட்டை அமைந்திருந்தது. வாயில் காவல் வீழ்ந்ததும் துறைமுகமும் கைமாறிற்று.

மனித உடம்பிலும் காவல் வேண்டிய வாயில்கள் உண்டு. அவற்றுள் சிறுநீர் வழியும் ஒன்று. சுகதேகியின் சிறுநீர்ப்பை அடிக்கடி நிரம்பி அடிக்கடி காலியாகின்றது. வெளியேறும் சிறுநீரோட்டம் உள்ளே நுழைய முயலும் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடுகின்றது. இயற்கை அமைத்த காவல் இதுவே.

புரொஸ்டேற் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைபட்ட முதியவர், முள்ளந்தண்டு முறிந்து கால் அசையாத வாலிபர், பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர் ஆகியோருக்கு வைத்தியர் சிறுநீர்க் குழாய் பொருத்துகின்றார். ‘கதீற்றர்’ என்று வைத்தியசாலையிற் சொல்வது இதனையே. உயிர்காக்கும் சாதனமாயினும், இது கிருமிகள் ஏறிவரும் ஏணியாகவும் ஆகிவிடுகின்றது. கடலில் நெடுநாள் கிடந்த வள்ளத்தின் அடியிற் பாசி பிடிப்பதை நம் துறைமுக மக்கள் அறிவர். அதுபோலவே குழாயின் சுவரிலும் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. அப்படலத்தினுள் ஒளிந்த கிருமிகளை மருந்து எளிதில் அழிக்க முடிவதில்லை.

குழாயின் வரலாறு பழையது. பாய்க்கப்பற் காலத்துச் சத்திரவைத்தியரின் பெட்டியிலே வெள்ளிக் குழாய்கள் இருந்தன. பின்னர் இறப்பர்க் குழாய்கள் வந்தன. 1930களில் அமெரிக்க வைத்தியர் போலி, நுனியில் சிறு பலூன் கொண்ட குழாயை அமைத்தார். பலூனை நீரால் நிரப்பினால் குழாய் நழுவாது. இன்றும் பெரும்பாலும் வழங்குவது அவ்வகையே. ஆனால் அக்காலத்தில் குழாயின் மறுமுனை திறந்த போத்தலுக்குள் விடப்பட்டிருந்தது. நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளரின் சிறுநீரிலும் கிருமி புகுந்துவிடும். அவசியமின்றிக் குழாய் இடுவதன் ஆபத்தை எடுத்துக்காட்டிப் பீசன் என்னும் வைத்திய அறிஞர் 1958ஆம் ஆண்டிற் கட்டுரை வரைந்தார். 1966ஆம் ஆண்டில் கியூனின், மக்கோர்மக் என்னும் இருவர், குழாயையும் பையையும் இடைவெளியின்றி இணைத்து மூடிவைத்தால் கிருமி நுழைவது வெகுவாகக் குறையும் என்று நிரூபித்தனர். இன்று நாம் காணும் மூடிய பை அவ்வாறு வந்ததே.

மூடிய பையும் பூரண காவலன்று. நாளொன்றுக்கு நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வரை சிறுநீரிற் கிருமி காண்பர் என்பது கணக்கு. ஒரு மாதமளவில் ஏறக்குறைய எல்லோரிலும் அது காணப்படும். ஆகவே முதலாவது பாதுகாப்பு யாதெனில், தேவையற்ற குழாயை ஒரு நாளேனும் வைத்திராமையே. “ஐயா, இக்குழாய் இன்னும் வேண்டுமா? எப்பொழுது எடுக்கலாம்?” என்று வைத்தியரைப் பணிவுடன் கேட்பது நோயாளரின் உரிமை, அதிகப்பிரசங்கித்தனமன்று. சிலருக்கு வேளைக்கு வேளை சுத்தமான குழாயிட்டு உடனே எடுத்துவிடும் முறை பொருந்தும். லாபிடஸ் என்பவர் 1972இல் அறிமுகப்படுத்திய இம்முறையைப் பயிற்சி பெற்றபின் நோயாளர் தாமே கைக்கொள்ளலாம்.

வைத்தியசாலையில் இருக்கும்வரை காவற்பொறுப்பு தாதிமாருடையது. வீடு திரும்பியதும் அப்பொறுப்பு மனைவியிடமோ மகனிடமோ மருமகளிடமோ வந்து சேருகின்றது. அப்பொறுப்பு வழியிலேயே தொடங்கிவிடுகின்றது. திருக்கோணமலை நகரிலிருந்து குச்சவெளிக்கும் தம்பலகாமத்துக்கும் மூதூருக்கும் நோயாளர் பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ செல்கின்றனர். 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் மிதவைப் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை நீங்கிற்று. ஆயினும் மற்றவர் கண்ணிற் படலாகாது என்று பையைச் சீலைப் பைக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நீங்கவில்லை. மடியில் உயர்ந்த பையிலிருந்து பழைய சிறுநீர் உள்ளே திரும்பிப் பாயக்கூடும். புறப்படுமுன் பையைக் காலிசெய்து, துணியால் மூடி, சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டால் மானமும் காக்கப்படும்; உடம்பும் காக்கப்படும்.

வீட்டிற் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. குழாயையோ பையையோ தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் சவர்க்காரத்தாலும் சுத்தமான நீராலும் கழுவினாற் போதும். காரமான கிருமிநாசினி வேண்டியதில்லை. குழாயைத் தொடையோடு இணைத்து ஒட்டிவைத்தால் இழுபடாது. குழாய் மடங்காமலும் நோயாளர் அதன்மேற் படுக்காமலும் பார்த்துக்கொள்க. பை எப்பொழுதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கவேண்டும். ஆனால் நிலத்தைத் தொடலாகாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்புமுன் கீழ்த்திறப்பின் வழியாக, அதற்கென ஒதுக்கிய சுத்தமான பாத்திரத்தில் வடித்துவிடுக; திறப்பின் நுனி பாத்திரத்திற் படலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயும் பையும் சேருமிடத்தை வீணாகக் கழற்றலாகாது. அதைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கிருமிக்குக் கதவு திறக்கப்படுகின்றது.

பை நிரம்புமே என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் முதியவரும் உண்டு. சோழகக் காற்று வீசும் மாதங்களில் நம் பிரதேசத்து வெயிலில் இது பெருந்தவறு. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் வைத்தியர் விதித்த அளவைக் கைக்கொள்க. ஏனையோர் தாராளமாக நீர் அருந்துக.

இன்னொன்று. சிறுநீர் கலங்கியிருக்கிறது, மணக்கிறது என்பதற்காகவே மருந்துக்கடையில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் கொடுக்கலாகாது. நெடுநாட் குழாய் உள்ளவரின் சிறுநீரிற் கிருமி இருப்பது சகஜம். வேறு அறிகுறி இல்லாதபோது பெரும்பாலோருக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. வீணாகக் கொடுத்த மருந்து கிருமியைப் பழக்கிவிடும். உண்மையான ஆபத்து வரும்போது அம்மருந்து கைகொடாது.

அவ்வாபத்தின் அடையாளங்களை வீட்டார் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ நோவு, சிறுநீரில் இரத்தம், சில மணிநேரமாகப் பையில் ஒன்றும் சேராமை, முதியவர் திடீரென அறிவு தடுமாறிப் பேசுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். எக்காரணத்தாலும் வீட்டார் குழாயை வெட்டவோ இழுக்கவோ கூடாது; உள்ளே பலூன் விரிந்திருப்பதால் பெருங்காயம் நேரும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் முள்ளந்தண்டு முறிந்தவருட் பெரும்பாலோர் முறிவினால் மாளவில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலுமே மாண்டனர். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் டாக்டர் குட்மன் தொடங்கிய பராமரிப்பு அந்நிலையை மாற்றிற்று. அப்பராமரிப்பிற் பெரும்பகுதி நாள் தவறாத சுத்தமும் கவனமுமே. தந்தையின் பையைக் காலிசெய்யும் மகன் அருவருப்புக்குரிய வேலை செய்பவனல்லன். ஓர் உயிருக்குக் காவல் நிற்பவன். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நம் வீடுகள் வெட்கப்பட வேண்டியதில்லை.