பெட்ரோல் வண்டி டீசல் வண்டியாகுமா?

சென்ற கோடை விடுமுறையில் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தந்தையார் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். பெட்ரோலில் ஓடும் அவருடைய பழைய காரை டீசலுக்கு மாற்றித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் கூறியிருந்தாராம். முன்பணம் கொடுப்பதா, வேண்டாமா என்று வீட்டில் வழக்கு. "முடியுமா, முடியாதா? ஒரே சொல்லில் சொல்லுங்கள், ஐயா" என்று கேட்டார். ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அன்று அவரிடம் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அடுப்பில் விறகுக்குப் பதிலாக வறட்டியை வைத்து எரிப்பது போன்ற செயலன்று இது. வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் நெருக்கப்படுகின்றன. பிளக்கிலிருந்து எழும் தீப்பொறி அக்கலவையைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினிலோ தீப்பொறிக்கு வேலையே இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். நெருக்கப்படும் காற்று சூடேறும் என்பதே அதன் காரணம். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் இந்தச் சூட்டையே தீக்குச்சியாக்கிக்கொண்டார். அவருடைய எஞ்சின் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிற்று. பெட்ரோல் எஞ்சின் தன்னுள் வாங்கியதைப் பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை நெருக்கும். டீசல் எஞ்சினோ பதினாறில் ஒரு பங்கிற்கும் குறைவாக நெருக்க வல்லது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அதனுள் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும்.

இவ்வளவு நெருக்கத்தைத் தாங்கச் சிலிண்டரின் சுவரும் பிஸ்டனும் மேல்மூடியும் அதை இறுக்கும் போல்ட்டுகளும் கனத்திருக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளே இதில் இடறியதுண்டு. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் தன் பெட்ரோல் எஞ்சினின் அமைப்பைத் தழுவி 1978-ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கு 5.7 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றைச் செய்தது. சிலிண்டர் கட்டையைக் கனமாக்கியவர்கள், மேல்மூடியை இறுக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். போல்ட்டுகள் நீண்டன, மூடியின் அடியிலுள்ள கேஸ்கட்டுகள் கசிந்தன. 1985-இல் அந்த எஞ்சினுக்கு முடிவு வந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் ஒரு பெட்ரோல் எஞ்சினின் வழியிலேயே டீசல் எஞ்சின் செய்து 1976-இல் கோல்ஃப் காரில் வைத்தது. அது நன்றாகவே ஓடிற்று. ஆய்வுக்கூடமும் வார்ப்பாலையும் உடையவர்கள் செய்தவை இவை. தெருமுனைப் பட்டறையில் பெட்ரோல் எஞ்சினை டீசல் எஞ்சினாகத் திருத்த இயலாது. முன்னதைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு வண்டியின் டீசல் எஞ்சினைப் பொருத்தத்தான் இயலும்.

நம் நாட்டில் அம்பாசிடர் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் அவ்வாறுதான் செய்தார்கள். மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சின் அதற்கு மிகவும் பெயர்பெற்றது. திருநெல்வேலியில் வாடகை அம்பாசிடர் ஓட்டிய என் சித்தப்பாவும் 1994-இல் அப்படி ஒன்றை வைத்தார். "எண்ணெய்க் காசு பாதியாகிவிடும், தம்பி" என்று அவர் மகிழ்ந்தது இன்றும் நினைவில் நிற்கிறது. எஞ்சினை வாங்கினார், அதைத் தாங்கும் மவுண்டிங்குகளை வெல்டிங் வைத்தார். பழைய கியர் பெட்டி ஒத்துவரவில்லை, அதையும் மாற்றினார். ரேடியேட்டர், பாட்டரி, செல்ஃப் மோட்டார், டீசல் வடிகட்டி, முன் ஸ்பிரிங் என்று செலவு நீண்டது. எஞ்சினின் விலையைப் போல இன்னொரு பங்கு உதிரிகளுக்கே போயிற்று.

பிறகு தகுதிச் சான்று வாங்கும் நாள் வந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் எஞ்சினில் பொறித்த எண்ணைப் பார்த்தார், ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்தார். இரண்டும் ஒவ்வவில்லை. அக்காலத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றால் மாற்றத்திற்கு இடமிருந்தது. "காகிதமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பட்டறைக்காரரின் பேச்சை நம்பிச் சித்தப்பா அதைச் செய்யவில்லை. பழைய எஞ்சின் எந்த வண்டியுடையது, யாரிடம் வாங்கியது என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. இரண்டரை மாதம் கார் வீட்டு வாசலில் நின்றது. டீசலில் மிச்சப்படுத்த எண்ணியதை விட அதிகமாக அந்த இரண்டரை மாதத்தில் அவர் இழந்தார்.

இன்று சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு 2000-இல் திருத்தப்பட்டது. வண்டியைச் செய்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி உரிமையாளர் அதை மாற்றலாகாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. இயற்கை எரிவாயு, மின்கலம் போன்றவற்றுக்கு மாற, அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியைப் பொருத்திக்கொள்ளச் சட்டம் வழிவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினை டீசலாக்கும் அத்தகைய கருவித் தொகுதியோ, மேலே கூறிய காரணத்தால், இருக்க இயலாது. அனுமதியின்றி மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் புரட்டுவதும் அந்த ஆர்.சி.யைத்தான்.

இனிக் கணக்கு. கார் லிட்டருக்குப் பெட்ரோலில் 12 கிலோமீட்டரும் டீசலில் 16 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், மாற்றும் செலவு ஒன்றரை இலட்சம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 2012 மே மாத இறுதியில் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் மூன்று ஆண்டுக்குள் முதலை எடுத்துவிடுவார். 2014 அக்டோபரில் டீசல் விலையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2020 ஜூன் 24 அன்று அதே டில்லியில் டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு! டீசல் பெட்ரோலை முந்திவிட்டது. அந்த விலையில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல்தான் மிச்சம்; முதலை எடுக்க ஆறு ஆண்டுகள். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் குடும்பத்தாருக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும். சொந்தக் காரின் பதிவே முதலில் 15 ஆண்டுகளுக்குத்தான்! இந்தக் கணக்கில் வட்டியை நான் சேர்க்கவில்லை, அபராதத்தையும் சேர்க்கவில்லை.

மாணவர் இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு போனார். எஞ்சினுக்கு விற்பனைச் சீட்டும், மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றித் தருவதாக எழுத்தில் ஓர் உறுதியும் அவருடைய தந்தையார் கேட்டாராம். பட்டறைக்காரர் சிரித்துப் பேச்சை மாற்றியதும், முன்பணம் பெட்டிக்கே திரும்பிவிட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற இயற்கை எரிவாயுக் கருவி பொருத்த என்ன ஆகுமென்று விசாரித்து வருகிறார்கள். அந்தக் கணக்கை நானும் அந்த மாணவரும் இன்னும் போட்டு முடிக்கவில்லை.