நித்தியம்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியார் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவருடைய நித்திய இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொண்டு நிற்கையில், தோழியின் சின்னத் தங்கை எங்கள் கையைப் பிடித்து, "நித்தியம்னா எத்தனை நாள் அக்கா?" என்று கேட்டாள். "முடிவே கிடையாது" என்றோம். "பாட்டி நித்தம் கோயிலுக்குப் போவாங்களே, அந்த நித்தமா?" என்றாள். அப்போது சிரிப்பை அடக்கிக்கொண்டோம். பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் சிறுமி பிழையாகக் கேட்கவில்லை என்பது விளங்கிற்று.

நித்தியம் வடமொழிச் சொல். 'உள்ளே' என்னும் பொருள் தரும் 'நி' என்பதிலிருந்து பிறந்தது. ஆகவே உள்ளிருப்பது, தனக்கே உரியது என்பதே அதன் பழைய பொருள். இருக்கு வேதத்தில் ஒருவனுடைய சொந்த மகனைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. தனக்கே உரியது தன்னை விட்டு நீங்காது; நீங்காதது என்றும் இருக்கும். இவ்வாறு வீட்டுக்குள் இருந்த சொல் காலத்தை அளக்கப் புறப்பட்டது.

கி.மு. 2 ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பதஞ்சலி, தம் மகாபாஷ்யத்தில் இச்சொல்லை ஆராய்கிறார். அசையாது, மாறாது நிற்பதை மட்டுமன்றி, திரும்பத் திரும்ப நிகழ்வதையும் நித்தியம் என்பது உண்டு என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணங்கள்: எப்போதும் சிரிப்பவன், எப்போதும் பேசுபவன். (எங்கள் கடைசி பெஞ்சை அவர் அறியார்!)

தமிழில் இவ்விரு பொருளும் வழங்குகின்றன. 'நித்திய கண்டம் பூரண ஆயுசு' என்னும் பழமொழியில் நித்தியம் என்பது நாள்தோறும் என்றே பொருள்படும். அதற்கு முடிவில்லாத என்று பொருள் கொண்டால் பழமொழியே கெட்டுப்போகும். நிரந்தரம் என்ற சொல்லோ வேறு வகை. அந்தரம் என்றால் இடைவெளி. இடைவெளி அற்றது நிரந்தரம். நித்தத்துக்கு இடைவெளி ஒரு குறையன்று. இரவு கழிந்து காலையில் திரும்பி வந்தால் போதும்.

1995 இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'நிலைவாழ்வு' என்கிறது. நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் அதில் நிற்பது தெரிகிறதேயன்றி, தினமும் திரும்பி வருவது தெரியவில்லை என்பது எங்கள் எண்ணம்.

நித்தியகல்யாணிச் செடியை அறியாதார் யார்? மடகாஸ்கர் தீவு அதன் தாயகம். கல்லறைகளின் ஓரத்தில் தானே முளைப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். (குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இச்செடியிலிருந்து கிடைப்பதே.) ஆண்டு முழுவதும் பூக்கும். ஆனால் எந்தப் பூவும் சில நாளுக்கு மேல் தங்காது. ஒன்று உதிர, அடுத்த மொட்டு விரியும். அன்று பாட்டியாரின் குழிக்குப் பக்கத்திலும் அது பூத்திருந்தது. கேள்வி கேட்ட சிறுமி அதில் இரண்டு பூக்களைப் பறித்து, மண்ணோடு சேர்த்துப் போட்டாள்.